உளுத்த கட்டைக்குள் எந்த எறும்பு? வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விழுந்து மட்கும் மரங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எறும்பு பற்றியவை. பலரும் நிறத்தையும் கடியையும் மட்டும் எழுதிவிட்டு இனத்தின் பெயரைக் கேட்கிறார்கள். அந்த இரண்டை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்பது கீழே உள்ள பதில்களில் இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் ஓரம் விழுந்து கிடந்த மரத்தின் பட்டையை உரித்தால் ஒரு பக்கம் வெள்ளைப் பூச்சி, மறுபக்கம் கறுப்பு எறும்பு. இரண்டும் சேர்ந்து மரத்தைத் தின்கின்றனவா? வெள்ளையாக இருப்பது எறும்புக் குஞ்சா, கறையானா?
— வாசகர், வால்பாறை

வெள்ளையாக இருந்து, காலால் நடந்து ஓடினால் கறையான்தான். எறும்பின் புழுவுக்குக் கால் கிடையாது. அரிசிபோலக் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வேலைக்காரி எறும்புகள்தான் அதைத் தாடையில் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடும்.

உருவத்திலும் சந்தேகத்துக்கு இடமில்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல மடியும். முதல் கணு நீண்டது, மற்றவை குட்டையானவை. கறையானுடையது மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். எறும்புக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடுப்பு உண்டு, கறையானுக்கு இல்லை. மழைக்குப் பின் பறக்கும் ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம். சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகு பெரியது, பின்சிறகு சிறியது.

மரத்தைத் தின்பது கறையான் மட்டுமே. எறும்பு மரத்தைச் செரிப்பதில்லை. காம்போனோட்டஸ் போன்ற சில பேரினங்கள் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி பேரினம்) மென்மையான கட்டையைக் குடைந்து வீடு அமைக்கும். குடைந்த தூளை வெளியே கொட்டிவிடும். அதனால் எறும்புக் குடைவு சுத்தமாக, உள்சுவர் வழவழப்பாக இருக்கும். கறையான் குடைவில் மண்ணும் எச்சமும் அப்பியிருக்கும். வண்டுப்புழு துளைத்த துளை, கறையான் கைவிட்ட குடைவு, பட்டைக்கடியில் உள்ள இடுக்கு என யாரோ செய்துவைத்த இடத்தில் குடியேறும் எறும்புகளே அதிகம். ஒரே கட்டையில் இரண்டும் இருந்தால் அதைக் கூட்டுக்குடித்தனம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் எறும்பு கறையானை வேட்டையாடிக்கொண்டிருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கியிருக்கிறேன். ஒரு எறும்பைப் பிடித்தால் எதை முதலில், எதை அடுத்து பார்க்க வேண்டும்? வரிசை சொல்லுங்கள்.
— வாசகி, ஏற்காடு

இடுப்பு, வயிற்றின் நுனி, உணர்கொம்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நிறம் கடைசியில் வரட்டும், அதுவும் சாட்சியாக மட்டும். இந்தியாவில் இதுவரை பட்டியலிடப்பட்டவை சுமார் 100 பேரினங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தால் ஒவ்வொரு குவியலிலும் நூற்றுக்கணக்கில் நிற்கும். போதாததற்கு, கூட்டுப்புழுப் பருவம் முடிந்து அப்போதுதான் வெளிவந்த இளம் எறும்பு எந்த இனமானாலும் வெளிறித்தான் இருக்கும்.

இடுப்பைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு கணுவா, இரண்டா? இரண்டு என்றால் பெரும்பாலும் மிர்மிசினே துணைக்குடும்பம், அதாவது பல பேரினங்கள் சேர்ந்த ஒரு கூட்டம். உடல் ஒல்லியாக நீண்டு, கண் பெரிதாக, உணர்கொம்பின் அடித்தண்டு குட்டையாக இருந்தால் டெட்ராபொனேரா. கண்ணே இல்லாமல் வரிசையாகப் படை நடந்தால் ஏனிக்டஸ் என்ற படையெறும்பு.

ஒரே கணு என்றால் வயிற்றின் நுனிக்குப் போங்கள். கொடுக்கு நீண்டிருந்து, வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இறுக்கிக் கட்டியதுபோல ஒரு பள்ளம் தெரிந்தால் போனெரினே. ஒடோன்டோமாக்கஸ், லெப்டோஜெனிஸ் இரண்டிலும் இந்தப் பள்ளம் மங்கலாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கொடுக்கு இல்லாமல், நுனியில் சின்ன வட்டத் துளையும் அதைச் சுற்றி மயிர் வளையமும் இருந்தால் ஃபார்மிசினே. அமிலம் பீச்சுவது இந்தத் துணைக்குடும்பம். துளை வட்டமாக இல்லாமல் குறுக்குக் கீறலாக, மயிரின்றி இருந்தால் டோலிகோடெரினே. துளை தெரியவில்லையென்றால் விரலில் மெதுவாக நசுக்கி முகர்ந்து பாருங்கள். டாபினோமா காறிய தேங்காயெண்ணெய் வாடை அடிக்கும். ஃபார்மிசினேயில் மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி வரும்.

இடுப்புக் கணு வயிற்றிலிருந்து பிரியாமல், பின்பக்கம் முழுவதும் அகலமாக ஒட்டியிருந்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அது ஆம்ப்ளியோபொனினே. மண்ணாகிக்கொண்டிருக்கும் கட்டையில் பூரானை வேட்டையாடும் ஸ்டிக்மடோம்மா இதைச் சேர்ந்தது. கண் மிகச் சிறியது, தாடை நீண்டு பல்வரிசையுடன் இருக்கும். இது கிடைத்தால் குறிப்பை இரண்டு மடங்கு கவனமாக எழுதுங்கள்.

மூன்றாவது உணர்கொம்பு. அடித்தண்டையும் சேர்த்துக் கணுக்களை எண்ண வேண்டும். இரண்டு கணு இடுப்புள்ள கூட்டத்தில் இந்த எண்ணிக்கையே பாதி வேலையை முடித்துவிடும். ஏழு கணு என்றால் மிர்மிகேரியா. வயிற்றை உள்ளே மடித்துக்கொண்டு நடக்கும் பழுப்பு எறும்பு. ஒன்பது கணுவும், மார்பின் மேல் கேடயம்போல விரிந்த தகடும் இருந்தால் மெரானோப்லஸ். பத்துக் கணு, கடைசி இரண்டு தடித்து, மார்பின் பின்முனையில் முள் இல்லை என்றால் சொலனாப்சிஸ். பதினொன்று, கடைசி இரண்டு தடித்தவை, பின்மார்பில் முள் உண்டு என்றால் காரெபாராவாக இருக்கலாம். பன்னிரண்டு, கடைசி மூன்று தடித்தவை, முன்மார்பு மேடாகி பின்மார்பில் முள்ளும் இருந்தால் ஃபைடோலே. அதே பன்னிரண்டும் மூன்றும் இருந்து முள் இல்லையென்றால் மோனோமோரியம் பக்கம் பாருங்கள். நான்கு முதல் ஆறு கணுதான் என்றால், இடுப்பைச் சுற்றிப் பஞ்சு போன்ற திசு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்ட்ரூமிஜெனிஸ். 2 மி.மீ. முதல் 3 மி.மீ. வரைதான் இருக்கும், அசையாமல் உறைந்து நிற்கும். மண்துகள் என்று நினைத்துத் தட்டிவிடுவீர்கள்.

இதயவடிவ வயிறு, அதன் மேல்பக்கத்தில் வந்து பொருந்தும் இடுப்பு, தொந்தரவு செய்தால் வயிற்றைத் தலைக்கு மேல் தூக்கும் பழக்கம்: க்ரெமட்டோகாஸ்டர். இதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

எண்ணும்போது நேரும் தவறுகள் இரண்டு. தடித்த நுனியில் கணுக்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்று விட்டுப்போகும். பத்து மடங்கு லென்ஸ் 3 மி.மீ.க்குக் குறைந்த எறும்புக்குப் போதாது, இருபது மடங்கு வாங்குங்கள். இன்னொன்று, கையில் இருப்பது ஆண் எறும்பாக இருப்பது. ஆணுக்கு வழக்கமாக ஒரு கணு கூடுதல். சிறகு, சின்னத் தலை, பெரிய கண் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்காரியை எண்ணுங்கள்.

ஈரமான கட்டையைப் புரட்டியபோது செம்பழுப்பு நிறப் பெரிய எறும்பு தாடையை அகலமாக விரித்து நின்றது. 'டக்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி அது பின்னால் எகிறிக் கிடந்தது. என்ன எறும்பு?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பொறித்தாடை எறும்பு. அந்தச் சத்தம் தாடை மூடிய சத்தம். ஒடோன்டோமாக்கஸ் பேரினத்தின் அமெரிக்க இனம் ஒன்றில் அளந்தபோது தாடை நுனியின் வேகம் நொடிக்கு 35 முதல் 64 மீட்டர் வரை வந்தது. அந்தத் தாடையைத் தரையிலோ எதிரியின் மீதோ அடித்தால் எறும்பே எகிறிவிடும். தாடைக்கு நடுவே முன்னோக்கி நீட்டிய மெல்லிய மயிர்கள்தான் விசை. இரை அவற்றைத் தொட்டதும் தாடை மூடிக்கொள்ளும்.

இதே பொறித்தாடை அனோகெட்டஸ் என்ற நெருங்கிய உறவுக்கும் உண்டு, அதுவும் இதே ஈரக்கட்டையில் கிடைக்கும். பிரிக்கத் தலையின் பின்பக்கம் பாருங்கள். ஒடோன்டோமாக்கஸில் இரண்டு கருங்கோடுகள் சாய்வாக வந்து நடுக்கோட்டில் கூர்மையாகச் சந்திக்கும். அனோகெட்டஸில் அந்தச் சந்திப்பு இல்லை, ஒரே வளைகோடாக ஓடிவிடும். இடுப்புக் கணுவின் உச்சியில் ஒற்றை ஊசிமுள் இருந்தால் ஒடோன்டோமாக்கஸ் என்று இன்னும் உறுதியாகச் சொல்லலாம். நீங்கள் எழுதியிருக்கும் அளவையும் சத்தத்தையும் பார்த்தால் ஒடோன்டோமாக்கஸ்தான் என்று படுகிறது. அனோகெட்டஸ் பெரும்பாலும் சிறியது.

கையால் எடுக்காதீர்கள். தாடையைவிட வயிற்று நுனியில் உள்ள கொடுக்குதான் வலிக்கும். எறும்பை உறிஞ்சிப் பிடிக்கும் உறிஞ்சுகுழலில் மற்ற எறும்புகளுடன் சேர்த்துப் போட்டால் அரைமணியில் மற்றவற்றைத் துண்டாக்கிவிடும். தனிக் குப்பி கொடுங்கள்.

ஒரே கட்டைக்குள் பெருந்தலை எறும்பும் குட்டி எறும்பும் கலந்து திரிகின்றன. இரண்டு இனம் சேர்ந்து வாழுமா?
— வாசகர், கொல்லிமலை

பெரும்பாலும் ஒரே தாய் பெற்ற அக்காள் தங்கைகள். ஃபைடோலேயில் வேலைக்காரிகள் இரண்டு அளவுகளில் வரும்: சாதாரணத் தலை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. நடு அளவு இருக்காது. காம்போனோட்டஸில் சிறியதிலிருந்து பெரியதுவரை படிப்படியாக எல்லா அளவும் இருக்கும். காரெபாரா டைவர்சாவில் வித்தியாசம் மலைக்க வைக்கும், 2 மி.மீ. எறும்புக்கும் ஒரு செ.மீ. தாண்டும் எறும்புக்கும் தாய் ஒன்றே.

சோதிக்கச் சுலபமான வழி: இரு அளவிலும் உணர்கொம்புக் கணுக்களை எண்ணுங்கள், இடுப்பின் பக்கத் தோற்றத்தை ஒப்பிடுங்கள். இவை அளவைப் பொறுத்து மாறா. எண்ணிக்கை வேறுபட்டால் உண்மையிலேயே இரண்டு இனம். அப்படி வருவதில் அடிக்கடி தட்டுப்படுவது திருட்டெறும்பு. பெரிய எறும்பின் கூட்டுச் சுவருக்குள் மயிரிழைச் சந்து குடைந்து, அதன் முட்டை புழுக்களைத் திருடித் தின்னும் மிகச் சிறிய மஞ்சள் எறும்புகள். சொலனாப்சிஸ், காரெபாராவின் குட்டி இனங்கள் இந்தத் தொழில் செய்பவை.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு. ஃபைடோலே, காம்போனோட்டஸ் இரண்டிலும் இன அளவில் பெயர் சொல்லப் பெருந்தலை எறும்பு அவசியம். குட்டி மட்டும் அனுப்பினால் பேரினத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். ஒரு கூட்டிலிருந்து குட்டி ஐந்து, பெரியது மூன்று போதும். ராணியை எடுக்காதீர்கள். ஒற்றை ராணிக் கூடு என்றால் அத்தோடு கூடு முடிந்தது.

கட்டையைப் பிளந்து எறும்பு சேகரிப்பதற்கு முறையான வழி என்ன? கல்லூரித் திட்டப்பணிக்கு வேண்டும். நான் கோடரியால் உடைத்தால் எறும்பெல்லாம் நசுங்கிவிடுகிறது.
— மாணவி, கோயம்புத்தூர்

முதலில் அனுமதி. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் விழுந்த கட்டையானாலும் அதிலுள்ள எறும்பானாலும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காப்புக்காட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்துடன் மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். சரணாலயம், பூங்கா என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர்வரை கோப்பு போகும், மாதக்கணக்கில் ஆகும். திட்டப்பணிக்குத் தோட்ட ஓரம், சொந்த நிலம், கல்லூரி வளாகத்துக் கட்டையே போதும்.

கோடரி வேண்டாம். அது கட்டையைப் பிளக்கிறது, அதிர்ச்சியில் எறும்பும் புழுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. தடித்த தட்டை முனை ஸ்குரூடிரைவரும் சின்ன அரிவாளும் எடுத்துச் செல்லுங்கள். கட்டைக்கு அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டையோ பழைய வெள்ளை வேட்டியையோ விரித்துவிட்டு, முனையிலிருந்து சிராய் சிராயாக நெம்புங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். பூரான், தேள், சில நேரம் கட்டுவிரியன் குட்டிகூட அங்கே இருக்கும்.

கட்டையின் பதம் பார்த்துக் குறிப்பு எழுதுங்கள். இதைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். பட்டை ஒட்டியிருக்கும் காய்ந்த கட்டை, நின்றபடி பட்டுப்போன மரம், இவற்றில் டெட்ராபொனேரா, க்ரெமட்டோகாஸ்டர், காம்போனோட்டஸ், டெக்னோமிர்மெக்ஸ். பட்டை கழன்று உள்ளே ஈரம் ஊறி, ஸ்குரூடிரைவர் எளிதில் இறங்கும் கட்டையில் ஒடோன்டோமாக்கஸ், ஃபைடோலே, வோலன்ஹோவியா, ஹைப்போபொனேரா. கையில் எடுத்தால் மண்ணாக உதிரும் கட்டையில் ஸ்ட்ரூமிஜெனிஸ், ஸ்டிக்மடோம்மா. இந்தப் பிரிவு கல்லில் பொறித்தது இல்லை, ஆனால் பெயரில் சந்தேகம் வரும்போது பாதி வழி காட்டும்.

எடுப்பதற்கு ஈரமான மென்தூரிகை போதும். நுனியில் ஒட்டிக்கொள்ளும், குப்பியில் தோய்த்தால் விழுந்துவிடும். வாயால் இழுக்கும் உறிஞ்சுகுழலை உளுத்த கட்டையில் பயன்படுத்தாதீர்கள். துணி வடிகட்டி இருந்தாலும் பூஞ்சை வித்தும், ஃபார்மிசினே எறும்புகளின் அமில ஆவியும் நெஞ்சுக்குள் போகும். ரப்பர் பந்து வைத்த குழல் வாங்கலாம், அல்லது தூரிகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தப்பும் சிற்றெறும்புகளுக்குப் புனல் வையுங்கள். அகல வாய்ப் புனலுக்குள் 5 மி.மீ. கண்ணுள்ள வலை, அதன்மேல் உதிர்த்த கட்டைத்தூள் 5 செ.மீ. உயரம், மேலே ஒரு சாண் தள்ளி 40 வாட் குண்டு பல்பு, கீழே ஆல்கஹால் குப்பி. மேலிருந்து காய்ந்துகொண்டே வர, எறும்பு ஈரம் தேடிக் கீழே இறங்கி விழும். மூன்று நாள் விடுங்கள். அவசரப்பட்டுப் பெரிய பல்பு போட்டாலோ நெருக்கமாக வைத்தாலோ, இறங்குவதற்கு முன்பே நடுவில் காய்ந்து செத்துவிடும். குப்பியில் மண் மட்டுமே இருக்கும். எல்.இ.டி. பல்பு சூடாகாது, பயனில்லை.

உருவம் பார்ப்பதற்கு 70–80 சதவீத ஆல்கஹால் போதும், டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீத எத்தனால். 95-இல் இட்ட எறும்பு விறைத்துவிடும், கால் ஒடியும். அதனால் முடிந்தால் இரண்டு குப்பி. எறும்புகளைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும், மறுநாள் ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உடம்பின் நீரில் ஆல்கஹால் நீர்த்து, எறும்பு கொழகொழத்துவிடும். ஃபார்மலின் கூடவே கூடாது, டி.என்.ஏ. கெட்டுவிடும்.

சீட்டு பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். ஊர், மாவட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், நாள், எடுத்தவர் பெயர், கட்டையின் பதம். சீட்டில்லாத எறும்பு எவ்வளவு அரியதானாலும் அருங்காட்சியகம் வாங்காது. பிளந்த சிராய்களை எல்லாம் திரும்ப அடுக்கி, ஈரப் பக்கம் கீழே வருமாறு மூடிவிட்டு எழுந்திருங்கள்.

பட்ட மரத்தில் கை வைத்தபோது, தலையும் வயிறும் கறுப்பாக, நடுவில் மட்டும் சிவப்பாக இருந்த எறும்பு கொட்டிவிட்டது. இரண்டு நாள் வீக்கம். கட்டெறும்பு இப்படிக் கொட்டுமா?
— வாசகர், கூடலூர்

கட்டெறும்பு என்று ஊர்ப்பேச்சில் பல இனங்களையும் சொல்கிறோம். உங்களைக் கொட்டியது டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா. ஒரு செ.மீ.க்கு மேல் நீளம், ஒல்லி உடம்பு, இரண்டு கணு இடுப்பு, பெரிய கண். பட்ட மரத்தின் வண்டுத் துளைகளில் குடியிருக்கும். நிறத்தை வைத்தே ஓரளவு தைரியமாகப் பெயர் சொல்லக்கூடிய எறும்பு இது ஒன்றுதான் என்பேன். 1851இல் டி. சி. ஜெர்டன் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டபோது இதற்குப் பெயர் வைத்தார்.

கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு இதன் நஞ்சு கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்; இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல், தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் மூலிகை, சுண்ணாம்பு என்று நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். ஒருமுறை அப்படி வந்தவர் மறுபடி பட்ட மரப்பக்கம் தனியாகப் போகக்கூடாது.

கரந்தமலைப் பக்கம் ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்த எறும்பும் இந்த மாதிரிக் கட்டைகளில் இருக்குமா? எப்படி அடையாளம் காண்பது?
— வாசகர், நத்தம்

இருக்கும். 2022இல் கரந்தமலைக் காட்டோரக் கிராமங்களில் செய்தியான அந்த எறும்பு அனோப்லோலெபிஸ் க்ராசிலிபெஸ், மஞ்சள் பைத்திய எறும்பு. கட்டைக்கடி, கல்லிடுக்கு, சருகு, குழாய்ப் பொந்து என எங்கும் கூடு வைக்கும். ஒரே கூட்டில் பல ராணிகள் இருப்பதால்தான் இவ்வளவு பெருகுகிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று.

4 முதல் 5 மி.மீ. நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, கால்களும் உணர்கொம்பும் உடம்புக்கு மீறிய நீளம், திசையில்லாமல் தறிகெட்டு ஓட்டம். ஒரு கணு இடுப்பு. உணர்கொம்பில் 11 கணு. இந்த எண்ணிக்கை முக்கியம். மாமரத்தில் இலை தைத்துக் கூடு கட்டும் முசுறு இதைவிடப் பெரியது, அதற்கு 12. வீடுகளில் ஓடும் நீளக்கால் கறுப்பெறும்பான பாராட்ரெகினா லாங்கிகார்னிஸுக்கும் 12, அது இன்னும் சிறியது. மஞ்சள் பைத்திய எறும்புக்குக் கொடுக்கு கிடையாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கண்ணில் படுவதுதான் கால்நடைக்கு ஆபத்து.

கண்டால் ஆல்கஹாலில் பத்து எறும்பு எடுத்து, இடத்தைக் குறித்து வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். காட்டுக்குள் பூச்சிமருந்துத் தூள் தூவாதீர்கள். அது முதலில் கொல்வது, இந்த எறும்போடு போட்டியிடும் உள்ளூர் எறும்புகளை.

இரத்தினபுரிப் பக்கக் காடுகளில் மட்டும் வாழும் 'உயிருள்ள புதைபடிவ' எறும்பு ஒன்று உண்டென்று கேள்விப்பட்டேன். உளுத்த கொப்புகளில்தான் இருக்குமாம். பார்த்தால் தெரியுமா?
— வாசகி, இரத்தினபுரி, இலங்கை

அனூரிட்டஸ் சைமோனி. 1893இல் எமரி என்ற இத்தாலிய அறிஞர் பெயர் வைத்தார். ஒரு துணைக்குடும்பம் முழுவதிலும் இன்று உயிரோடு இருக்கும் ஒரே இனம். அதன் உறவுகளை பால்டிக் கடற்கரை அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) போன்ற புதைபடிவங்களில்தான் பார்க்க முடியும். 1955இல் அமெரிக்க எறும்பியல் அறிஞர் இ. ஓ. வில்சன் இலங்கைக்கு வந்து இதை மீண்டும் உயிருடன் கண்டார். கிலிமலை, சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளில் பிற்காலத்திலும் பதிவாகியிருக்கிறது. 1996இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். இதை மிகவும் அருகிய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது.

நீங்கள் கேட்டது சரி: பெரிய கட்டையில் தேட வேண்டாம், தரையில் கிடக்கும் உளுத்த சிறு கொப்புகளிலும் சருகிலும் பாருங்கள். சின்ன மஞ்சள் எறும்பு. ஆனால் சின்ன மஞ்சள் எறும்புகள் அந்தக் காட்டில் ஏராளம். பிரித்துக் காட்டுவன நான்கு: ஒரே கணு இடுப்பு, அந்தக் கணுவுக்கு முன்னால் நீண்ட காம்பு, பின்மார்பில் ஒரு சோடி முள், வயிற்று நுனியில் வேலை செய்யும் கொடுக்கு. காம்பின் நீளத்தால் முதல் பார்வைக்கு இரண்டு கணு என்று ஏமாந்து ஃபைடோலே பக்கம் போய்விடுவார்கள்; அதுவும் மஞ்சள், அதற்கும் முள் உண்டு, அனூரிட்டஸிலும் பெரிய சிறிய என இரு அளவு வேலைக்காரிகள் உண்டு. பக்கவாட்டில் வைத்துக் கணுவை எண்ணினால் சந்தேகம் தீரும். கொப்பை உடைக்காமல் படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; சேகரிக்க அங்கும் அரச அனுமதி வேண்டும்.

இணையத்தில் எறும்புப் படம் போட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எப்படிப் படம் எடுத்தால் சரியான பதில் வரும்?
— வாசகர், சேலம்

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் இடுப்புக் கணு மறைந்துவிடும். அதைப் பார்த்துப் பெயர் சொல்பவர் ஊகிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோணம் தேவை: நேர்முகம், பக்கவாட்டு, மேலிருந்து. கலிஃபோர்னியா அறிவியல் அகாடமி நடத்தும் ஆண்ட்வெப் தளத்தில் எல்லா எறும்பும் இந்த மூன்று கோணத்தில்தான் இருக்கிறது, ஒப்பிடுவது எளிது. நேர்முகப் படத்தில் வாய்க்கு மேலுள்ள தகட்டின் முன்விளிம்பும் தலையின் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிய வேண்டும். தலை சற்றுச் சாய்ந்தாலும் தலையின் வடிவமே மாறித் தெரியும்.

உயிருள்ள எறும்பை ஃபிரிட்ஜில் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும், படமெடுத்துப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். பக்கத்தில் மி.மீ. அளவுகோல் வையுங்கள். ஃபிளாஷ் நேராக அடித்தால் உடம்பு கண்ணாடிபோலப் பளபளத்து, இனம் பிரிக்க உதவும் வரியும் புள்ளியும் அழிந்துவிடும். டிஷ்யூ காகிதம் ஒன்றைக் குறுக்கே பிடியுங்கள். ஆல்கஹாலிலிருந்து எடுத்ததை உடனே எடுக்காமல் காயவிட்டு எடுங்கள், ஈரத்தில் மயிர் படிந்து கிடக்கும்.

இத்தனைக்கும் பிறகும் க்ரெமட்டோகாஸ்டர், ஹைப்போபொனேரா, டெக்னோமிர்மெக்ஸ் போன்றவற்றில் படத்தை வைத்து இனப் பெயர் கேட்காதீர்கள். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதில். மேலே போக வேண்டுமென்றால் எறும்பே வேண்டும். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் மண்டல மையமும் பெங்களூரில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனமும் பூச்சிச் சேகரிப்பு வைத்திருக்கின்றன. வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டப்படி அதற்கு உரிய ஒப்புதல் வேண்டும்.

பிங்காம் எழுதிய பழைய எறும்பு நூலின் நகல் கிடைத்தது. அதை வைத்து அடையாளம் காணலாமா?
— வாசகர், நாகர்கோவில்

1903இல் வந்த அந்த நூலின் விவரிப்புகள் இன்றும் நன்றாக உதவும், படங்களும் உதவும். பெயர்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஃபைடோலோஜெட்டன் என்று வருவது 2014 முதல் காரெபாராவில் சேர்ந்துவிட்டது. செராபாகிஸ் கூட்டம் தனித் துணைக்குடும்பமாக இருந்து, அதே ஆண்டில் படையெறும்புகளின் துணைக்குடும்பமான டோரிலினேக்குள் போய்விட்டது. பாக்கிகான்டைலா என்ற பெயரில் வெகுகாலம் கிடந்த நம் ஊர் எறும்புகள் பிராக்கிபொனேரா, போத்ரோபொனேரா என்று பிரிந்துவிட்டன. பிங்காமில் பேரினத்தைக் கண்டுபிடித்து, இன்றைய பெயரை ஆண்ட்விக்கி அல்லது ஆண்ட்வெப் தளத்தில் தேடி, அதன் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். நூலில் இல்லாத எறும்பு கையில் கிடைத்தால் புதிய இனம் என்று துள்ளிவிட வேண்டாம். 1903க்குப் பிறகு விவரிக்கப்பட்டவை ஏராளம்.